கட்டுப்பாட்டுக் குழுவில் நான்

நான் ஐந்தாம் வகுப்பு பாஸ். பாஸ் என்பது நான் சொல்வது. வாத்தியாரைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். ஆனால் இந்தத் தேசத்தில் நீங்கள் எந்தப் பெரிய ரோட்டில் போய் நின்றாலும், அரை மணி நேரத்துக்குள் நான் பாடி கட்டிய லாரி ஒன்று உங்களைக் கடந்து போகும். ஆப்பிள் ஏற்றியிருக்கிறது, சிமெண்டு ஏற்றியிருக்கிறது, நம் நாமக்கல் முட்டையும் ஏற்றியிருக்கிறது. நாற்பது வருஷமாகப் பட்டறை நடத்துகிறேன். கதவு ஆடுகிறது என்று ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை. ஒன்று வந்தது. அது டிரைவர் மேல் தப்பு.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், பெரிய பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து மருத்துவ ஆராய்ச்சி செய்கிற இடத்தில் இவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருந்தது. கூப்பிட்டுத்தான் போனேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தடவை சேலத்துக்கு பஸ் ஏறிப் போய், கால் வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வருவேன். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். கெட்டிக்காரி. ஒருநாள் என் காலைப் பார்த்து முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஐயா, உங்களால எங்களுக்கு ஒரு உதவி ஆகணும்" என்றார்.

சர்க்கரை வந்த லாரி டிரைவர்களுக்குக் கால் மரத்துப்போகிறது. புண் வந்தாலும் தெரிவதில்லை. தெரியும்போது விரலையோ காலையோ எடுக்க வேண்டி வந்துவிடுகிறது. அதைத் தடுக்க ஓர் ஆராய்ச்சி செய்யப் போகிறார்களாம். அதில் நான் நோயாளியாக வேண்டாம், அவர்களோடு கூட உட்கார வேண்டும் என்றார்.

"நாங்க போடற திட்டம் டிரைவருங்க வாழ்க்கைக்கு ஒத்து வருமா, எழுதறது அவங்களுக்குப் புரியுமான்னு பொதுமக்கள்ல ரெண்டு பேர் கூட இருந்து சொல்லணும்யா."

"நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கறேனுங்க" என்றேன்.

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன்" என்றார்.

இந்தக் கடைசி வரியை மட்டும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன்.

நான் சம்மதித்ததற்குப் பெருமை ஒரு காரணம், மறைக்க மாட்டேன். இன்னொரு காரணம் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி. முப்பது வருஷமாக வடநாட்டு லைனில் லாரி ஓட்டுகிறவன். சர்க்கரை அவனுக்கும் இருக்கிறது. போன வருஷம் வலது காலில் ஆணி ஏறி, மூன்று நாள் அதோடேயே வண்டி ஓட்டியிருக்கிறான், தெரியவில்லை. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது என்று அப்போதே டாக்டர் சொல்லி அனுப்பினார். கால் போனால் ஸ்டியரிங் போச்சு. ஸ்டியரிங் போனால் அவன் இல்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்கிறான். "போனா வெட்டறாங்க மச்சான். போகாத வரைக்கும் ஒம்பது வெரலு இருக்குதுல்ல?" என்பான்.

ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "கால் பிரேக்குல இருக்குதா ஆக்சிலேட்டர்ல இருக்குதான்னு இப்பெல்லாம் குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்." என் மனைவி குழம்புச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எப்படியாவது இவனை இந்த ஆராய்ச்சிக்குள் இழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க மச்சான், ஊசி போட்டுப் பாக்க எலி கெடைக்கலீன்னு உங்களைப் புடிச்சுட்டாங்களா?"

"எலி நீதான்டா மாப்ள. நான் எலிக்கு மேஸ்திரி" என்றேன்.

முதல் கூட்டத்துக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் போனேன். ஏ.சி. அறை. நீள மேஜை, பிஸ்கட், டீ. பொதுமக்களில் இன்னொருவர் மகள் கல்யாண வேலை என்று வரவில்லை; ஆக மொத்தப் பொதுமக்களும் நான் ஒருவன்தான். டாக்டர்கள் ஆறேழு பேர். திரையில் ஒரு செருப்பைக் காட்டினார்கள். மெத்தென்று அடி வைத்து, டிரைவர்களுக்கென்றே செய்யப் போகிற செருப்பு. எல்லோரும் தலையாட்டினார்கள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "ஐயா என்ன நினைக்கறீங்க?" என்றார்.

"செருப்பு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா வண்டிக்குள்ள எந்த டிரைவருங்க செருப்புப் போடறான்?" என்றேன்.



நான் எத்தனை கேபின் கட்டியிருக்கிறேன்! டிரைவர் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கதவோரம் சொருகிவிட்டுத்தான் ஏறுவான். கேபின் அவனுக்கு வீடு. சாமி படமும் உள்ளேதான் இருக்கிறது. வெறுங்காலில் பெடலை மிதித்தால்தான் வண்டி பேசுவது தெரியும் என்பான். என்ஜின் சூடு மேலே வந்து கேபின் தரை தோசைக்கல் மாதிரி இருக்கும். மரத்த கால் வெந்தாலும் தெரியாது. செருப்பைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போவான். இதையெல்லாம் சொன்னேன். ஒரு பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது நமக்குத் தோணவே இல்லையே" என்றார்.

அன்றைக்கே செருப்பு போயிற்று. கேபினுக்குள் போட்டுக்கொள்கிற மாதிரி, சூடு ஏறாத மெல்லிய அடி வைத்த சாக்ஸ் ஒன்று செய்வது என்று முடிவாயிற்று. ஐந்தாவது படித்தவன் சொன்னதற்காக அத்தனை டாக்டர்களும் திட்டத்தை மாற்றினார்கள். எனக்கு அன்று சேலத்திலிருந்து நாமக்கல் வரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன். அதுவும் தெரியவில்லை.

என் தலைக்கனம் அங்கேதான் ஏறியது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால், டிரைவர்களிடம் கொடுக்கப் போகிற தகவல் தாளை எனக்கு அனுப்பினார்கள். ஒன்பது பக்கம். எழுத்துக் கூட்டி மூன்று நாள் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பங்கேற்பாளர்களில் ஒரு பகுதியினருக்குப் பாதுகாப்பு உறை வழங்கப்படும். ஏனையோர் கட்டுப்பாட்டுக் குழுவில் சேர்க்கப்படுவர்.'

பாதுகாப்பு உறை என்றால் நாம் சொன்ன சாக்ஸ். அது தெரிந்துவிட்டது. கட்டுப்பாட்டுக் குழு? ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்கிறோமே, அந்த மாதிரி எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்கிற கமிட்டி என்று எடுத்துக்கொண்டேன். அப்படியென்றால் அது நாங்கள்தான். நான்தான்.

"புரியாத வார்த்தை ஏதாவது இருக்காய்யா?" என்று டாக்டரம்மா கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பை மாற்ற வைத்த ஆள் இல்லையா நான்? வார்த்தை தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"தெள்ளத் தெளிவா இருக்குதுங்க" என்றேன்.

லாரி ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் தினமும் காலையில் பத்துப் பதினைந்து டிரைவர்கள் இருப்பார்கள். அங்கே போய் உட்கார்ந்து, நாலு பேர் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"நான் இப்ப சேலம் ஆஸ்பத்திரில கட்டுப்பாட்டுக் குழுல இருக்கறேன். சர்க்கரை இருக்கற டிரைவருங்க எல்லாரும் வந்து சேருங்க சாமி. உங்களுக்கும் நல்லது, ஊட்டுல இருக்கறவங்களுக்கும் நல்லது."

ஒருவனுக்கு டீ புரை ஏறியது. இன்னொருவன் எழுந்து, "எனக்கு லோடு இருக்குதுங்க பெரியவரே" என்று நடையைக் கட்டினான். மரியாதையில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் போய்ச் சொன்னேன். ஒரு வாரம் சொன்னேன்.

அப்புறம் டாக்டரம்மா ஒரு நர்ஸோடு வந்து, ஸ்டாண்டில் பந்தல் போட்டு, மேஜை போட்டு உட்கார்ந்தார். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒருவர் வந்தார். மோர் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் நாய்தான் வந்தது. நர்ஸ் வண்டி வண்டியாகப் போய்க் கொடுத்த தகவல் தாளை வாங்கியவர்கள் மூன்றாம் பக்கம் வரை படித்துவிட்டு, மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாமக்கல் டிரைவர் பயந்து நான் பார்த்ததில்லை. மலைப் பாதையில் இருபது டன்னோடு இறங்குகிறவன் ஒன்பது பக்கக் காகிதத்தைப் பார்த்து ஓடினான்.

சாயங்காலம் டாக்டரம்மா நாற்காலிகளை அடுக்கும்போது சொன்னார்: "பொங்கலுக்குள்ள போதுமான பேர் சேரலைன்னா இதை நிறுத்திடுவாங்கய்யா. இதுக்காக மூணு வருஷம் அலைஞ்சேன்." கோபமே இல்லாமல் சொன்னார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே என் மனைவி. முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு என்னமோ ஆபரேசன் ஆயிருக்குதாமா?"

"ஆபரேசனா? எனக்கா?"

"கோயில்ல அத்தன பேரு மத்தியில கேக்கறாங்க. இந்த வயசுல உங்க ஊட்டுக்காரருக்கு எதுக்குங்க குடும்பக் கட்டுப்பாடுன்னு. நான் என்னன்னு சொல்லறது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே என் மச்சினன் நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். போனை எடுத்து, டிரைவர்களின் வாட்சப் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்த வாய்ஸ் மெசேஜ் ஒன்றைப் போட்டான். யார் குரலோ தெரியவில்லை: "யாரும் அந்தப் பந்தலுக்குப் போயராதீங்கப்பா. சர்க்கரைன்னு சொல்லிக் கூப்படறாங்க. மூணாம் பக்கம் பாருங்க, அச்சடிச்சே குடுத்திருக்கறாங்க. பாதிப் பேருக்கு உறை, மீதிப் பேருக்குக் கட்டுப்பாடு. பட்டறைக்காரப் பெரியவரு பண்ணிக்கிட்டு, இப்ப ஆள் புடிச்சுட்டிருக்கறாரு."

நான் அந்தத் தாளை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். உறை. கட்டுப்பாடு. பக்கத்தில் பக்கத்தில். ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருந்த வார்த்தை. சின்ன வயதிலிருந்து பார்த்த வார்த்தை. அது என் கண்ணில் படவே இல்லை.

"சரி மச்சான்," என்று என் மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான், "அது இல்லீன்னா இது என்னதான் குழு?"

தாளை மடித்து வைத்தேன்.

"தெரியாது மாப்ள."

"தெரியாமயா தெளிவா இருக்குதுன்னு சொல்லிப்போட்டு வந்தீங்க?"

அவன் இப்போது சிரிக்கவில்லை. என் பட்டறையில் அளவு பார்க்காமல் ஒரு பலகையை நான் அறுத்தது கிடையாது. இங்கே கண்ணை மூடிக்கொண்டு அறுத்திருக்கிறேன். அவன் கால் பந்தலுக்கு வராமல் இங்கே நாற்காலியில் கிடப்பதற்கு நானும் ஒரு காரணம்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் சேலம் போனேன். டாக்டரம்மா அறைக்குப் போய், உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலில் கேட்டதையும் விடவில்லை. அந்த அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் தாளை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார்.

"நான் ஆயிரம் தடவை எழுதின வார்த்தைய்யா அது. எனக்கும் தோணலையே."

"உங்களுக்குத் தோணாதுங்க. எனக்குத் தோணியிருக்கோணும். அதுக்குத்தான கூப்புட்டீங்க" என்றேன். என் வாழ்க்கையில் இந்த மாதிரி வரி நான் அதிகம் சொன்னதில்லை.

பிறகு அவர் விளக்கினார். சாக்ஸ் போடுகிறவர்கள் ஒரு கூட்டம். வழக்கம் போலச் செய்கிற வைத்தியத்தோடு இருக்கிறவர்கள் இன்னொரு கூட்டம். அந்த இரண்டாவது கூட்டம்தான் கட்டுப்பாட்டுக் குழு.

"எல்லாருக்கும் குடுத்துட்டா என்னங்க?"

"குடுத்துட்டா, சாக்ஸாலதான் புண் வரலையா, இல்ல சும்மாவே வராம இருந்திருக்குமான்னு எப்படித் தெரியும்?"

"அட, இது கமான் பட்டையாட்டம்!" என்றேன்.

லாரிக்கு அடியில் பாரம் தாங்குகிற பட்டை. புதுசு ஒன்று வந்திருக்கிறது, நல்லது என்கிறான் விற்கிறவன். எப்படி நம்புவது? ஒரே மாதிரி இரண்டு வண்டி. ஒன்றில் புதுப் பட்டை, ஒன்றில் பழைய பட்டை. ஒரே லோடு, ஒரே ரோடு. திரும்பி வந்ததும் இரண்டையும் படுத்துப் பார்க்க வேண்டும். பழைய பட்டை வண்டி இல்லாமல் புதுசைப் பற்றிப் பேசவே முடியாது. இதற்குப் பட்டறையில் ட்ரையல் என்று பெயர்.

"எங்க ஊர்லயும் அதுக்கு அதே பேர்தான்யா" என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கு மத்தியானம் வரை உட்கார்ந்து மாற்றினோம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். உறை போய் சாக்ஸ் வந்தது. இரண்டு வண்டிக் கதை அப்படியே ஏறியது. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்றார். "எப்பவும் போல குழு" என்றேன். பெரிய டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை, கௌரவமாக இல்லையாம். கடைசியில் 'வழக்கமான சிகிச்சைக் குழு' என்று எழுதி, பக்கத்தில் 'அதாவது எப்பவும் போல' என்று சேர்த்தார்கள். மாற்றிய தாளை ஆஸ்பத்திரியில் இன்னொரு கமிட்டி படித்து ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அதற்குச் சில வாரம் போயிற்று. ஒன்பது பக்கம் நாலு பக்கமாயிற்று.

மறுபடி பந்தல் போட்ட அன்று, நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். கூட்டம் கூடியது, வேடிக்கை பார்க்க.

"வார்த்தை தெரியாம வாய விட்டுட்டேன் சாமிகளா. தப்பு என்மேல. எனக்கு எந்த ஆபரேசனும் ஆகல."

"அத நாங்க எப்படிங்க நம்பறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கு மூணு பேரப்புள்ளைங்க இருக்குதப்பா!"

"அது உங்க பையன் கணக்குங்க பெரியவரே!"

ஸ்டாண்டே சிரித்தது. சிரித்த கூட்டம் நின்று கேட்கும். இரண்டு வண்டிக் கதையைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார்கள்.

"எனக்குப் பழைய பட்டையே உழுந்தா?" என்றான் ஒருவன்.

"உழலாம். சீட்டுக் குலுக்கற மாதிரி, யாரு கையிலயும் இல்ல. ஆனா காலப் பாக்கறது ரெண்டு கூட்டத்துக்கும் உண்டு. நடுவுல வேண்டாம்னா போயிக்கலாம். கடைசியில புதுசு நல்லதுன்னு தெரிஞ்சா உனக்கும் குடுப்பாங்க. ரெண்டாம் பக்கம் படிச்சுப் பாரு."

படித்தார்கள். ஆனால் முதல் ஆளாக உட்கார யாருக்கும் கால் வரவில்லை. எல்லோரும் என் மச்சினனையே பார்த்தார்கள். ஒன்பது விரல் விஷயம் தெரியாதவர் அங்கே கிடையாது. அவன் என்னைப் பார்த்தான். நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது அது ஒரு தடவைதான்.

"வெட்டமாட்டீங்கல்ல?" என்று நர்ஸிடம் கேட்டான்.

"பாக்க மட்டுந்தாண்ணா."

உட்கார்ந்தான். நர்ஸ் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தாள். "கண்ணை மூடிக்குங்கண்ணா. நான் தொடற எடத்துல எல்லாம் 'ம்' சொல்லுங்க."

அவன் கண்ணை மூடினான். அவள் பெருவிரலில் வைத்து அழுத்தினாள். உள்ளங்காலில் வைத்தாள், குதிகாலில் வைத்தாள். ஐந்தாறு இடம்.

"ஆரம்பிக்கலாம்மா, நான் ரெடி" என்றான் அவன்.

ஸ்டாண்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான்.

அவள் காலைத் திருப்பினாள். குதிகாலில் மிளகு அளவு கறுப்பாக ஒன்று. சுற்றிலும் லேசான சிவப்பு. டாக்டரம்மா வந்து இடுக்கியால் எடுத்துக் காட்டினார். வெல்டிங் வைக்கும்போது தெறிக்கிற துணுக்கு. இரண்டு நாள் முன்னால் என் பட்டறைக்குத்தான் அவன் வெறுங்காலோடு வந்திருந்தான். என் பட்டறைத் தீப்பொறி அவன் காலுக்குள் இருந்திருக்கிறது.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணுமில்ல. சுத்தம் பண்ணிட்டோம். ஆறிடும்" என்று முடித்தார்.

அவன் கண்ணைத் திறந்து அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான். "இதுக்கு வலிக்கோணுமில்லீங்க?" என்றான்.

அதற்கப்புறம் நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு டிரைவர்கள் தாங்களே வரிசையில் நின்றார்கள். பொங்கலுக்கு முன்னாலேயே வேண்டிய பேர் சேர்ந்துவிட்டார்கள்.

குலுக்கலில் என் மச்சினனுக்கு வந்த கவரைப் பிரித்தபோது உள்ளே 'எப்பவும் போல' என்று இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. இவனுக்காகத்தானே நான் இதில் நுழைந்தேன்? செருப்பைச் சாக்ஸாக மாற்ற வைத்ததே நான். நேரே டாக்டரம்மாவிடம் போனேன்.

"அம்மா, இவன் ஒருத்தனுக்கு மட்டும் மாத்திப் போடுங்க. யாருக்கும் தெரியாது."

"ஐயா, ட்ரையல்ல தெரிஞ்ச ஆள் வண்டின்னு ஒண்ணுக்கு மட்டும் திருட்டுத்தனமா பட்டையை மாத்தினா?"

பதில் எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தையே எனக்கு ஒப்பித்துவிட்டார்.

"உடுங்க மச்சான்," என்றான் என் மச்சினன். "பழைய பட்டை வண்டி இல்லாம ட்ரையலே இல்லீன்னு ஸ்டூல் மேல நின்னு கத்துனது ஆரு? அந்த வண்டி நானாவே இருந்துட்டுப் போறேன்."

ஆராய்ச்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாக்ஸ் ஜெயித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் முடியும்வரை சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இந்தத் தடவை படித்துப் பார்த்து. இப்போது சேலத்தில் வேறு இரண்டு ஆராய்ச்சிக்கும் தாளை என்னிடம்தான் அனுப்புகிறார்கள். புரியாத வார்த்தையின் கீழ் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு அனுப்புகிறேன். சேலத்தில் என்னைவிட அதிகமாகக் கோடு போடுகிற ஆள் கிடையாது என்று டாக்டரம்மாவே சொல்கிறார்.

'எப்பவும் போல' கூட்டத்துக்கும் டாக்டரம்மா சொல்லி அனுப்பியது ஒன்று உண்டு: தினமும் காலையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சவரக் கண்ணாடி ஒன்றை என் மனைவியே தன் தம்பியின் வண்டியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் காலையில் போனில் பூவும் சூரியனும் போட்டுக் காலை வணக்கம் வருகிறது. எனக்கு ஒரு ஜோடிக் கால் வருகிறது. மேல்பக்கம் ஒரு படம், உள்ளங்கால் ஒரு படம். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கி, விரல் விரலாகப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கிறேன்.

இன்றைக்கு நாக்பூர் தாண்டி ஒரு டீக்கடையிலிருந்து வந்தது. ஒன்பது விரலும் சுத்தம். கீழே எழுதியிருந்தான்: எப்பவும் போல.